12 வோல்ட் வந்தால்தான் பழுது

டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது என்பது பள்ளிப் பாடம். ஆனால் 1960-களில் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்தில் தயாரான இன்டர்நேஷனல் பி-275 டிராக்டரின் பானெட்டைத் திறந்தால், சிலிண்டர் ஹெட்டில் நான்கு பிளக்குகள் வரிசையாக நிற்கும். ஒன்றின் தலையிலிருந்து அடுத்ததின் தலைக்கு ஒரு தடித்த கம்பி தாவித் தாவிப் போகும். இவை தீப்பொறி தருவதில்லை. சூடேறுவது மட்டும்தான் இவற்றின் வேலை. கேட்டலாக்கில் குளோ பிளக் என்று போட்டிருக்கும். நம் ஊர் ஒர்க்‌ஷாப்களில் ஹீட்டர் பிளக். எஞ்சின் பற்றிக்கொண்ட பிறகு இவற்றுக்கு எந்த வேலையும் இல்லை. காலையில் அரை நிமிடம் பழுக்கச் சிவந்து நின்றால் போதும். அந்த அரை நிமிடம் ஒழுங்காக நடக்காவிட்டால் டிராக்டர் கொட்டகையை விட்டு நகராது.

பி-275 நமக்கு அந்நியமான வண்டி அல்ல. 1963-ல் மகிந்திராவும் அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரும் வோல்டாஸும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி இந்தியாவில் செய்துவிற்றது இதே 35 குதிரைசக்தி பி-275-ஐத்தான். பிற்பாடு அந்தப் பெயரோடு ‘டிஐ’ என்ற இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டது. டீசலை நேராக பிஸ்டன் தலைமேல் பீய்ச்சும் அமைப்பு என்று அதற்குப் பொருள். அந்த அமைப்புக்கு நம் வெயிலில் ஹீட்டர் தேவைப்படுவதில்லை என்பதால், இன்று நம் வயல்களில் உழும் பெரிய டிராக்டர்களை ஓட்டுபவர்களில் பலர் இந்தப் பிளக்கைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார்கள். அம்பாசிடர் டீசல் காரையும் பியூஜோ எஞ்சின் வைத்த மகிந்திரா ஜீப்பையும் ஓட்டிய பழைய டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் கனடாவிலும் பழைய பி-275-ஐயும் அதன் தம்பி பி-414-ஐயும் இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்குக் குளிர்காலம் வந்தாலே இந்த ஹீட்டர் சர்க்யூட்டோடு மல்லுக்கட்டுதான்.

இத்தனைக்கும் அதில் சிக்கலாக ஒன்றுமே இல்லை. ஒரு பேட்டரி, ஒரு சுவிட்ச், ஒரு ரெசிஸ்டர், நான்கு பிளக். பத்தாம் வகுப்பு ஓம் விதி தெரிந்தால் போதும். ஆனாலும் அனுபவசாலிகளே இதில் ஏமாறுகிறார்கள். வீட்டு வயரிங்கில் பழகிய நமக்கு ஒரு பல்பு, ஒரு ஃபேன் என்ற அளவில்தான் மின்சாரத்தைப் பற்றிய உள்ளுணர்வு இருக்கிறது. இங்கே ஓடும் கரண்ட் 40 ஆம்பியர் வரிசையில். ஒரு பிளக்கின் மின்தடையோ ஒரு ஓமில் இருபதில் ஒரு பங்கு. இந்த அளவில் அந்த உள்ளுணர்வு பொய் சொல்லும்.

முதலில், சூடு எதற்கு? காற்றை வேகமாக அழுத்தினால் அது சூடாகும். சைக்கிள் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டவர்களுக்குத் தெரியும். 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை இருபதில் ஒரு பங்காகச் சுருக்கினால், சூடு வெளியே போகாத பட்சத்தில் அது 700 டிகிரியைத் தாண்டும். உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் தொடங்கினால் 600-ஐ ஒட்டி நிற்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 250 டிகிரி இருந்தால் போதுமே, பிறகென்ன குறை என்று தோன்றலாம். குறை அந்தப் ‘பட்சத்தில்’தான். ஸ்டார்ட்டர் சுழற்றும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 200 சுற்றுகூட வருவதில்லை. அவ்வளவு மெதுவாக அழுத்தும்போது, சில்லிட்ட இரும்புச் சுவர் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்ள நேரம் கிடைத்துவிடுகிறது. பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே காற்றும் கசிகிறது. கணக்கில் வந்த 600-ல் பாதி மிஞ்சினாலே அதிகம். தவிரவும், பீய்ச்சிய டீசல் ஆவியாகிக் காற்றோடு கலந்து பற்றுவதற்கு ஒரு தாமதம் உண்டு. வெப்பம் குறையக் குறைய அந்தத் தாமதம் கடகடவென்று நீளும். பற்றுவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கிவிடும். பற்றாத டீசல் சைலன்சர் வழியே வெள்ளைப் புகையாக வெளியேறும்.

பழைய பி-275 போன்ற எஞ்சின்களில் இந்தக் குறை இன்னும் மோசம். அவற்றில் டீசல் சிலிண்டருக்குள் நேராக விழுவதில்லை. ஹெட்டில் குடைந்த ஒரு சிறு அறைக்குள் விழும். அங்கே பற்றி, ஒரு குறுகிய வாய் வழியாகச் சீறிக்கொண்டு சிலிண்டருக்குள் பாயும். ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் பென்ஸ் கம்பெனியில் இருந்த பிராஸ்பர் லோரான்ஜ் 1909-ல் இத்தகைய முன்னறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தின் முரட்டு இன்ஜெக்டர்களுக்கு இது வரப்பிரசாதம். டீசலை மிக நுண்ணிய தூறலாக உடைக்கத் தேவையில்லை. முன்னறையின் சுழல்காற்றே கலக்கிவிடும். எஞ்சின் சத்தமும் குறைவு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முன்னறையும் சேர்ந்தால், கொள்ளளவுக்கு ஏற்ற அளவைவிடச் சுவர்ப்பரப்பு கூடிவிடுகிறது. குறுகிய வாய்க்குள் நுழையும்போதே காற்று தன் சூட்டைச் சுவரிடம் இழந்துவிடும். ஆகவே, எஞ்சின் சூடாகும்வரை வெளியிலிருந்து சூடு கொடுத்தே ஆக வேண்டும்.

கொடுப்பதற்கு மனிதர்கள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். அதே மான்ஹைமில் 1921-ல் வந்த லான்ஸ் புல்டாக் டிராக்டரின் முகப்பில் துருத்திக்கொண்டிருக்கும் இரும்புக் குமிழை புளோலேம்ப் வைத்துப் பல நிமிடம் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டியரிங்கைக் கழற்றி ஃப்ளைவீலில் சொருகிச் சுழற்ற வேண்டும். இங்கிலாந்தின் ஃபீல்ட் மார்ஷல் டிராக்டருக்கு வெடியுப்பில் ஊறவைத்த காகிதச் சுருளைக் கொளுத்தி, கங்காக இருக்கும்போதே ஹெட்டில் திருகுவார்கள். கையால் சுழற்றத் தெம்பில்லாதவர்களுக்குத் துப்பாக்கித் தோட்டா போன்ற ஒரு கார்ட்ரிட்ஜ் இருந்தது. சுத்தியலால் அதன் ஊசியில் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்துப் பிஸ்டனைத் தள்ளும். இவற்றோடு ஒப்பிட்டால் சாவியைத் திருப்பி அரை நிமிடம் காத்திருப்பது ராஜபோகம்.

இனி சர்க்யூட்டுக்கு வருவோம். பி-275-இல் நான்கு பிளக்கும் தொடர் இணைப்பில், அதாவது சீரீஸில் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து சுவிட்சுக்கு, சுவிட்சிலிருந்து ஒரு ரெசிஸ்டருக்கு, அங்கிருந்து முதல் பிளக், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, கடைசியில் எஞ்சின் பிளாக்கின் எர்த். ஒரே கரண்ட் எல்லாவற்றின் வழியாகவும் போகிறது. இதற்காகவே இந்தப் பிளக்குகளுக்கு இரண்டு முனை. நடுக்கம்பி ஒரு முனை. அதைச் சுற்றியுள்ள வளையம் மறுமுனை. இரண்டுமே பிளக்கின் உடலோடு ஒட்டாமல் இன்சுலேஷன் செய்யப்பட்டிருக்கும். நுனியில் ஒரு தடித்த கம்பி கொக்கிபோல் வளைந்து வெறுமனே நிற்கும். இதே ஏற்பாடுதான் அக்கால மெர்சிடிஸ் டீசல் கார்களிலும் இருந்தது. பல வண்டிகளில் ரெசிஸ்டருக்குப் பதிலாகவோ கூடுதலாகவோ டேஷ்போர்டில் ஒரு சிறு காயில் இருக்கும். அது சிவந்தால் பிளக்கும் சிவந்துவிட்டது என்று டிரைவருக்குத் தெரியும்.

கணக்குக்கு எளிய எண்களாக எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிளக்கும் 0.05 ஓம். நான்கும் சேர்ந்து 0.2. ரெசிஸ்டர் 0.1. மொத்தம் 0.3 ஓம். பேட்டரி அசையாமல் 12 வோல்ட்டில் நிற்பதாக வைத்தால், கரண்ட் 40 ஆம்பியர். ரெசிஸ்டர் 4 வோல்ட் தின்னும். ஒவ்வொரு பிளக்கும் 2 வோல்ட் தின்னும். அதாவது ஒரு பிளக்குக்கு 80 வாட்.

இப்போது ஹீட்டரைப் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மறுமுனையை சர்க்யூட்டின் ஒவ்வொரு இணைப்பிலுமாக வைத்துக்கொண்டே போனால், வோல்டேஜ் படிக்கட்டு இறங்குவதுபோல் இறங்க வேண்டும். சுவிட்சில் 12, ரெசிஸ்டருக்கு அப்பால் 8, முதல் பிளக்கைத் தாண்டினால் 6, அடுத்து 4, அடுத்து 2, கடைசியில் பூஜ்யம். இந்தப் படிக்கட்டைப் படிக்கத் தெரிந்தவர் ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்காமல் பழுதைச் சொல்லிவிடலாம்.

இங்கேதான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றதும் மீட்டரை எடுத்து முதல் பிளக்கின் தலையில் வைக்கிறார்கள். சுளையாக 12 வோல்ட் காட்டுகிறது. “கரண்ட் வருது, அப்ப வயரிங் ஓகே, ரெசிஸ்டர் ஓகே” என்று முடிவுகட்டுகிறார்கள். மீட்டர் சொன்னது அதுவல்ல. அங்கே 8 வோல்ட் இருந்திருந்தால்தான் எல்லாம் சரி. 12 வருகிறது என்றால் ரெசிஸ்டரில் ஒரு வோல்ட்கூட விழவில்லை. விழவில்லை என்றால் அதன் வழியே எதுவும் ஓடவில்லை. முன்னால் எங்கோ சங்கிலி அறுந்துகிடக்கிறது. வந்து நிற்பது வோல்டேஜ் மட்டும்தான், கரண்ட் இல்லை.

எங்கே அறுந்தது என்பதையும் அதே மீட்டர் சொல்லும். அடுத்த பிளக்கின் தலைக்கு நகருங்கள். அங்கேயும் 12. மூன்றாவதின் தலையில் 12. அதைத் தாண்டிய மறுபுறம் பூஜ்யம். அப்படியானால் மூன்றாவது பிளக்தான் குற்றவாளி. நல்ல பிளக்குகளின் குறுக்கே எதுவும் விழாது. அறுந்த இடத்தின் குறுக்கே பேட்டரியின் முழு வோல்டேஜும் நிற்கும். தொடர் இணைப்பின் இயல்பு இது. நான்கில் ஒன்று செத்தால் நான்கும் சாகும் என்பது இதன் கெட்ட பெயர். ஆனால் எது செத்தது என்று இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் சர்க்யூட் வேறு இல்லை என்பேன்.

அறுந்துபோவது எளிய பழுது. அறுந்தும் அறுபடாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்லும். பிளக்குக்கும் இணைப்புக் கம்பிக்கும் இடையே, பச்சை பூத்த பித்தளை நட்டின் கீழ், ஐம்பது வருஷத்து அழுக்கு சேர்ந்து 0.1 ஓம் தடை உருவாகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். 0.1 ஓம் என்பது வீட்டு வயரிங்கில் யாரும் திரும்பிப் பார்க்காத அளவு. இங்கே மொத்தத் தடை 0.3-லிருந்து 0.4 ஆகிறது. கரண்ட் 40-லிருந்து 30-க்கு இறங்குகிறது. கால் பங்குதானே குறைந்தது? சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 30-ஐ 30-ஆல் பெருக்கி 0.05-ஆல் பெருக்கினால் 45. பிளக்குக்குக் கிடைத்துவந்த 80 வாட் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. பிளக் மங்கலாகக் கறுஞ்சிவப்பில் நிற்கும், எஞ்சின் பற்றாது. கழற்றிப் பார்த்தால் நான்கு பிளக்கும் நன்றாக இருக்கும்.

அந்த அழுக்கு இணைப்புக்கு என்ன ஆனது? 30 ஆம்பியரில் 0.1 ஓம் 90 வாட்டைத் தின்கிறது. எந்தப் பிளக்கையும்விட அதிகம். டீசலைப் பற்றவைக்க வேண்டிய சூடு ஒரு நட்டுக்கு அடியில் வீணாகிக்கொண்டிருக்கிறது. அரை நிமிடம் ஹீட்டரைப் போட்டு அணைத்துவிட்டு, புறங்கையை ஒவ்வொரு இணைப்புக்கும் அருகே கொண்டுபோனால் எது என்று தெரிந்துவிடும். இன்சுலேஷன் பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் கையைக்கூட நீட்ட வேண்டாம். மருந்து, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும். நட்டின் அடி, வாஷரின் இரு பக்கம், கம்பி நுனியின் வளையம் என எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்து இறுக்கினால் காசு செலவில்லாமல் எஞ்சின் பற்றும். புதுப் பிளக் ஒரு செட் வாங்கிவந்து மாட்டுபவர்களுக்கும் எஞ்சின் சில சமயம் பற்றிவிடும். காரணம், பிளக் மாற்றும்போது இணைப்புகளும் தாமாகவே கொஞ்சம் உரசிச் சுத்தமாகிவிடுகின்றன. பழைய பிளக் கெட்டுப்போயிருந்தது என்று அவர்கள் நம்பிக்கொண்டு திரிவார்கள்.

இந்தச் சிறு தடையை மல்டிமீட்டரின் ஓம் பகுதியில் வைத்து அளக்கலாம் என்று நினைக்காதீர்கள். சாதாரண மீட்டரின் இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் என்று காட்டும். 0.05 ஓம் பிளக்கை அதில் பார்த்தால் நல்ல பிளக்கும் ஷார்ட் ஆன பிளக்கும் ஒன்றுபோலவே தெரியும். அறுந்ததா இல்லையா என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. டெஸ்ட் லேம்ப் இன்னும் மோசமான சாட்சி. 5 வாட் பல்பு அரை ஆம்பியர்கூட எடுப்பதில்லை. ஒரு ஓம் தடையுள்ள அழுகல் இணைப்பின் வழியாகவும் அது பிரகாசமாக எரிந்து நல்ல பெயர் வாங்கித்தரும். அதே இணைப்பு ஹீட்டரை முழுசாகக் கொன்றிருக்கும். ஆகவே முறை ஒன்றுதான். ஹீட்டரைப் போட்டுக் கரண்ட் ஓடும்போதே, சந்தேகப்படும் இணைப்பின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மீட்டரை வைத்து எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். நல்ல இணைப்பில் வோல்ட்டின் சிறு பின்னம்தான் விழும். அரை வோல்ட் விழுந்தால் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான்.

இதே சோதனையைச் சுவிட்சிலும் செய்ய வேண்டும். பழைய டிராக்டர்களில் ரிலே கிடையாது. ஹீட்டருக்குப் போகும் முழுக் கரண்டும் சாவி சுவிட்சுக்குள் இருக்கும் இரண்டு சிறு தகடுகளின் உரசலை நம்பித்தான் போகிறது. வருஷக்கணக்கில் பொறி பறந்து அந்தத் தகடுகள் கருகியிருக்கும். பல பிரிட்டிஷ் சுவிட்சுகளில் ‘எச்’ என்று ஒரு நிலையும் ‘எச்எஸ்’ என்று அடுத்த நிலையும் பொறித்திருப்பார்கள். முதலாவது ஹீட்டர் மட்டும். இரண்டாவது ஹீட்டரோடு ஸ்டார்ட்டரும். தேய்ந்த சுவிட்சில் நடக்கும் ஒரு வேடிக்கை உண்டு. முதல் நிலையில் எல்லாம் கச்சிதமாக இருக்கும், மீட்டரும் படிக்கட்டும் பிசகாது. இரண்டாவதுக்குத் திருப்பியதும் ஹீட்டர் தகடு விலகிவிடும். ஸ்டார்ட்டர் சுழல்கிறது, குளிர்ந்த காற்று பிளக்கின்மேல் அடிக்கிறது, வெறுங்கொக்கி சில நொடியில் கறுத்துவிடுகிறது. எந்த நேரத்தில் சூடு அதிகம் தேவையோ அந்த நேரத்தில் இல்லை. சாவியை எச்எஸ்-இல் பிடித்துக்கொண்டே அளந்தால் ஒழிய இது அகப்படாது. ஒருவர் சாவியைப் பிடிக்க, இன்னொருவர் மீட்டரைப் பிடிக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். விரல்களும் சட்டை நுனியும் ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் சுழலும்போது பேட்டரி வோல்டேஜ் 10-க்கோ அதற்குக் கீழோ சரிந்துவிடும், அப்போது பிளக்கின் சூடும் சரியும். இதை ஈடுகட்டப் பல ஜப்பானிய டிராக்டர்களில் ஒரு சாமர்த்தியம் செய்தார்கள். சாவி ஸ்டார்ட் நிலைக்கு வந்ததும் கரண்ட் டேஷ்போர்டு காயிலைத் தவிர்த்துவிட்டு வேறு முனை வழியாக நேரே பிளக்குக்குப் போகும். இந்த விவரம் தெரியாமல் பொதுச் சுவிட்ச் ஒன்றை மாட்டி வயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டால், வெயில் காலம் முழுக்க வண்டி ஓடும். முதல் குளிரில் நின்றுவிடும்.

மறந்துபோகும் இன்னோர் இடம் எர்த். நான்காவது பிளக்கிலிருந்து பிளாக்குக்கும், பிளாக்கிலிருந்து பேட்டரிக்கும் திரும்பிப் போகும் பாதையும் சர்க்யூட்டின் பாதிதான். பழைய டிராக்டரைப் புதுப்பிப்பவர்களுக்கு பெயின்ட் மீது ஒரு காதல். ஃப்ரேமையும் பிளாக்கையும் உரித்து, ப்ரைமர் அடித்து, சிவப்பு பெயின்ட்டை இரண்டு கோட் பூசி, அதன்மேல் எர்த் பின்னல் கம்பியைப் புது போல்ட்டால் இறுக்குவார்கள். பெயின்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கசிந்தால் உண்டு. பேட்டரியின் எர்த் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே, ஹீட்டர் ஓடும்போது கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பின்னலைக் கழற்றி அடியில் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் டிராக்டர்களில் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் எர்த். நெகட்டிவ் எர்த்துக்குப் பழகியவர்கள் மீட்டரில் மைனஸ் குறியைப் பார்த்துத் திகைப்பார்கள். ஹீட்டர் பிளக்குக்கு இதைப் பற்றிக் கவலை இல்லை; எந்தத் திசையில் ஓடினாலும் சூடேறும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள்தான் கவனிக்க வேண்டும். திசை மாறினால் அதன் டயோடுகள் நொடியில் போய்விடும்.

சிலர், “புது பிளக் போட்டு மூணு வாரம் தாங்கல, சரக்கு சரியில்ல” என்று அலுத்துக்கொள்வார்கள். சரக்கைத் திட்டும் முன் படிக்கட்டை ஒருமுறை அளக்க வேண்டும். இரண்டாவது பிளக்குக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கம்பி எங்காவது ஹெட்டை உரசிக்கொண்டிருந்தாலோ, பிளக்கின் இன்சுலேஷன் வளையம் வெடித்துக் கரி ஏறி எர்த் ஆகியிருந்தாலோ, கரண்ட் அங்கேயே குறுக்குவழியில் இறங்கிவிடும். ரெசிஸ்டரும் முதல் இரண்டு பிளக்கும் மட்டும்தான் மிச்சம், மொத்தம் 0.2 ஓம், கரண்ட் 60 ஆம்பியர். 2 வோல்ட்டுக்குச் செய்த பிளக்குகளின்மேல் 3 வோல்ட், 80 வாட்டுக்குப் பதில் 180 வாட். மூன்றாவதும் நான்காவதும் சில்லென்று கிடக்கும். முதல் இரண்டும் வெள்ளைச் சூட்டில் உருகி அறுந்துபோகும். படிக்கட்டு 12, 6, 3 என்று இறங்கி அத்தோடு பூஜ்யத்தில் படுத்துவிடும். ரெசிஸ்டர் தேவையில்லாத இடைஞ்சல் என்று யாராவது அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுத்திருந்தாலும் இதே 60 ஆம்பியர், இதே கதி, நான்குக்கும்.

தப்பான பிளக் மாட்டுவது தனிக் கதை. பிற்காலப் பிளக்குகள் வேறு வகை. கொக்கிக் கம்பிக்குப் பதிலாக பென்சில் போன்ற உலோகக் குழாய்; உள்ளே காயில்; காயிலைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைத்திருக்கும். இவை ஒவ்வொன்றும் தனித்தனியே 12 வோல்ட்டில் பக்க இணைப்பில், அதாவது பேரலலில் ஓடுபவை. தடை ஒரு ஓமை ஒட்டி இருக்கும். மரை பொருந்துகிறதே என்று இதில் ஒன்றைப் பழைய தொடர் சர்க்யூட்டில் மாட்டினால், மொத்தக் கரண்டும் 10 ஆம்பியருக்குக் கீழே போய்விடும். புதுப் பிளக் ஓரளவு சிவக்கும். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு 5 வாட்கூடக் கிடைக்காது. தலைகீழாகச் செய்தால், அதாவது 2 வோல்ட் கொக்கிப் பிளக்கை பேட்டரியோடு நேரடியாகத் தொட்டுச் சோதித்தால், 200 ஆம்பியருக்கு மேல் இழுத்துக் கண்ணெதிரே உருகும். பழைய பிளக்கைக் கழற்றிச் சோதிக்கும்போது நல்ல பிளக்கையே கொன்றுவிட்டு ‘இதுவும் போச்சு’ என்று தூக்கிப்போடுவது உலகமெங்கும் நடக்கும் கொலை.

பழைய தொடர் வகைப் பிளக்குகள் கிடைப்பது அரிதாகிவருவதால் பலர் நான்கையும் கழற்றிவிட்டு 12 வோல்ட் பென்சில் வகைக்கு மாறுகிறார்கள். நியாயமான முடிவு. ஆனால் பாதியில் நிற்கக் கூடாது. நான்கையும் ஒருசேர மாற்ற வேண்டும். ரெசிஸ்டரை எடுத்துவிட வேண்டும். பிளக்கின் தலைகளை ஒரே தகட்டால் இணைக்க வேண்டும். கிழட்டுச் சுவிட்சின்மேல் பாரத்தைப் போடாமல் தனி ரிலேயும் ஃபியூஸும் வைக்க வேண்டும். நுனியின் நீளம் முன்னறைக்குப் பொருந்துகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நீளம் கூடினால் இன்ஜெக்டரின் பீய்ச்சல் நேராக நுனிமேல் அடித்து அரித்துவிடும். உடைந்த நுனி உள்ளே விழுந்தால் ஹெட்டைக் கழற்றுவதில்தான் முடியும்.

பக்க இணைப்பில் பழுதின் முகம் மாறிவிடுகிறது. ஒன்று செத்தால் மற்ற மூன்றும் வேலை செய்யும். எஞ்சின் ஒரு சிலிண்டர் விட்டுவிட்டு அடித்துக்கொண்டு வெள்ளைப் புகையோடு பற்றும், ஓரிரு நிமிடத்தில் தானே சரியாகிவிடும். அதனால் உடைமைக்காரர் கவலைப்படுவதில்லை. இரண்டாவது செத்த பிறகுதான் மீட்டர் வெளியே வருகிறது. தகட்டைக் கழற்றாமல் அளந்தால் நான்கு தலையிலும் ஒரே வோல்டேஜ்தான் காட்டும், ஒன்றும் புரியாது. தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு பிளக்காகக் கரண்ட் கொடுத்து, கிளாம்ப் மீட்டரால் எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்ப்பது நேர்வழி. நல்ல பிளக் தொடக்கத்தில் அதிகமாக இழுத்துச் சூடேறச் சூடேறக் குறையும். செத்தது எதையும் இழுக்காது. டேஷ்போர்டின் ஆம்மீட்டர் வழியாக ஹீட்டர் கரண்ட் போகும்படி வயரிங் செய்த டிராக்டர்களில் முள்ளைப் பார்த்தே சொல்லலாம்: நான்கில் ஒன்று போனால் முள் கால் பங்கு குறைவாகச் சாயும்.

ஹீட்டரை அதிக நேரம் போட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று அஞ்சிப் பத்து நொடியில் அணைத்துவிடுகிறவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 ஆம்பியர் அரை நிமிடம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்கு. ஸ்டார்ட்டர் 300 ஆம்பியர் இழுத்துக்கொண்டு அதே அரை நிமிடம் வீணாகச் சுழன்றால் இரண்டரை ஆம்பியர்-மணி. காத்திருக்கப் பொறுமையில்லாதவரின் பேட்டரிதான் முதலில் படுக்கும். கொக்கி வகைப் பழைய பிளக்குக்கு முப்பது நொடி கொடுங்கள். கடுங்குளிரில் கூடுதலாகக் கொடுத்தாலும் தவறில்லை.

படிக்கட்டு சரி, சுவிட்ச் சரி, எர்த் சரி, பிளக்கின் நுனி சிவக்கிறது, ஆனாலும் வெள்ளைப் புகைதான் வருகிறது என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். புகையே வரவில்லை என்றால் டீசலே போகவில்லை. அது பம்ப், ஃபில்டர், ஏர்லாக் சமாசாரம். புகை வந்தும் பற்றவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை. ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு உட்காரவில்லை. பழைய பியூஜோ ஜீப் ஒன்று மதுரையில் சித்திரை நடுப்பகலில் அரை நிமிடம் ஹீட்டர் போட்டால்தான் பற்றுகிறது என்றால், ஹீட்டர் நன்றாக இருக்கிறது என்று மகிழ ஒன்றுமில்லை. எஞ்சின் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. பற்றாத டீசல் எஞ்சினுக்கு ஈதர் ஸ்ப்ரேயை ஏர் ஃபில்டர் வழியாக அடிக்கும் பழக்கம் உலகம் முழுக்க உண்டு. ஈதர் 160 டிகிரியை ஒட்டியே தானாகப் பற்றிக்கொள்ளும். பிளக்கின் நுனியோ 800 டிகிரிக்கு மேல். ஹீட்டர் சூடாக இருக்கும் எஞ்சினுக்குள் அது நுழைந்தால், பிஸ்டன் மேலே வருவதற்குள்ளேயே வெடித்து ரிங்கையோ கனெக்டிங் ராடையோ உடைக்கும். இன்டேக் வால்வு திறந்திருந்தால் தீ முகத்துக்கே திரும்பி வரும். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் அடிக்காதீர்கள். பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் யாராவது கேனைத் தூக்கினால், முதலில் ஹெட்டில் கம்பி தாவும் நான்கு பிளக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.